இரைச்சல் என்று குறிக்கவும்

இரண்டு காதையும் மூடிக்கொண்டதும் வீடு காணாமல் போனது. மின்விசிறியின் கடகடப்பு போனது, பக்கத்து வீட்டுக் குக்கர் போனது, லைன் வீட்டுக் குழாயடியில் யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தது பாதி வசவில் அறுந்துபோனது. ஹெட்போனின் பஞ்சு காதைச் சுற்றிச் சூடாக ஒட்டிக்கொண்டது. உள்ளே தன் மூச்சே வேறு யாரோ ஒருத்தியின் மூச்சு மாதிரி கேட்டது. இந்துமதி இதுநாள்வரை வலது காதை மட்டும்தான் மூடுவாள். இடது காது அப்பாவுக்கு. முன்னறையில் இரும்புக் கட்டிலில் கிடக்கிற அப்பாவுக்கென்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் கம்பெனி கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இந்த வேலையை அப்படித்தான் இத்தனை மாதமாக ஓட்டினாள். நேற்று ஷெரின் மேடம் கூப்பிட்டார். பெங்களூரில் இருந்து இவளைப் போன்றவர்களின் வேலையைச் சரிபார்க்கிறவர். முகம் பார்த்ததில்லை, குரல்தான். "இந்து, உங்க ஃபைல்ல சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் விட்டுப்போகுதும்மா. ரெண்டு காதுலயும் போட்டுத்தானே கேக்கறீங்க?" "ஆமாங்க மேம்." பொய். "கதவச் சாத்திக்கிறீங்களா?" "ஆமாங்க மேம்." அதுவும் பொய். "இந்த வாரமும் ஸ்கோர் இறங்குச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கும் மேல ஆளு இருக்காங்க, புரியுதில்ல?" புரிந்தது. இன்றைக்கு மத்தியானம் அம்மா சாப்பாட்டுக்கு வந்துவிட்டு பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பனுக்குச் சோறு ஊட்டியாச்சு, மத்ததும் ஆச்சு. ஒருக்கா எட்டிப் பாத்துக்க கண்ணு," என்றாள். ஹெட்போனை நிமிர்த்திக்கொண்டிருந்த இவளிடமிருந்து பதில் வராததால், "ஏண்டி, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற ஊரு சனம் பேசறதெல்லாம் உனக்குக் கேக்குது. நான் ரசத்துக்கு உப்புப் பத்துதான்னு கேட்டது மட்டும் காதுல உழுகல," என்று சிரித்துவிட்டுப் போனாள். அம்மா போன பிறகு இந்துமதி நடுக்கதவைச் சாத்தினாள். முதல் தடவையாகச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் அப்பாவைப் பார்த்தாள், கண் மூடியிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஒரு குரல் வந்தது. நடுத்தர வயது, ஆண், வெளியில் நின்று தன் போனிடம் பேசுகிறார், பின்னால் காற்று. "இன்னிக்கு மழ வருமா." கேட்டாள், எழுதினாள், அடுத்தது. ஒரு சின்னப் பையன், கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கூட இருப்பவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். போன் அதற்கு என்ன சொல்லும் என்று பார்க்கிறார்கள். அந்தக் கெட்ட வார்த்தையையும் பிழையில்லாமல் எழுத வேண்டும். அடுத்தது. ஒரு பெண், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், "ஏம்பொண்ணு, நீ சாப்ட்டியா?" என்று போனைக் கேட்கிறாள். இந்துமதிக்குத் தொண்டைவரை வந்தது, இல்லீங்க்கா, இன்னும் இல்ல. அந்த அக்காவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. போனிடம் பேசினால் போனே கேட்டுப் போனே புரிந்துகொள்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் இவளும் அப்படித்தான் நினைத்தாள். இயந்திரம் மொழியைக் கற்கும் விதத்தைப் பலகையில் வட்டம் வட்டமாக, அம்பு அம்பாக வரைந்து காட்டினார்கள். இவளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதை நோட்டில் வரைந்துகொண்டாள். அந்த வட்டங்கள் எதற்குள்ளும் சமையலறைத் தரையில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி இல்லை. ஆயிரம் பேர் பேசுவதை யாராவது ஒருத்தி கேட்டு, எது சொல், எது சொல் இல்லை என்று பிரித்துக் கொடுத்தால்தான் அதற்குச் சொல்லே தெரியவருகிறது. அம்மா கம்பெனியில் தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுகிறாள். பிசிறு வெட்டுவது என்பார்கள். நான் பேச்சில் பிசிறு வெட்டுகிறேன், அவ்வளவுதான், என்று இந்துமதி ஒருநாள் நினைத்தாள், நினைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. வேலையைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அம்மாதான் லைன் வீடு முழுக்க, "எம்புள்ள கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்குடுக்குது," என்று சொல்லி வைத்திருக்கிறாள். குழாயடியில், "ஏனுங் டீச்சரம்மா, இன்னிக்கு உங்க கம்ப்யூட்டரு வீட்டுப்பாடம் எழுதுச்சுங்களா?" என்று கேலி பண்ணுகிறார்கள்.

சொல் இல்லாதது எதுவானாலும் ஒரே பொத்தான். அழுத்தினால் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை விழும். அதற்குள் 'இரைச்சல்' என்று இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனித்தனியாக இருந்தன: சிரிப்பு, அழுகை, இருமல், மூச்சு. பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். "பிரிச்சுப் பாக்க டைம் வேஸ்ட் ஆகுதும்மா. வார்த்தை இல்லேன்னா நாய்ஸ், அவ்ளோதான்," என்றார் ஷெரின் மேடம். பாதிக்கு மேல் சாம்பல் பட்டையாக இருந்தால் அந்த ஒலித் துணுக்கையே கழித்துவிட வேண்டும். போன மாதம் ஒன்று வந்தது. ஒரு பெண். போனைத் திறந்திருக்கிறாள், அது கேட்கத் தொடங்கியிருக்கிறது, அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அழுதாள். சத்தம் போட்டு இல்லை. வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிறவர்களின் அழுகை. துணுக்கு முடியும்வரை அதுதான். ஒரு சொல் வரும், 'அம்மா' என்றாவது வரும் என்று இந்துமதி திரும்பத் திரும்பக் கேட்டாள். வரவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே சாம்பல் பட்டையாக இழுத்து, கழித்துவிட்டு, அடுத்ததற்குப் போனாள். அடுத்தது யாரோ பூரி எப்படி உப்பும் என்று கேட்டது. அந்தப் பெண் எந்த ஊர், என்ன பெயர், அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டாளா, தெரிந்துகொள்ள வழியே கிடையாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள், அது நல்லதுதான், மக்களின் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பெயரை எடுத்துவிட்டு அழுகையை மட்டும் அனுப்புகிறார்களே. அதற்குப் பிறகு பஸ்ஸில், கடையில், எந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாலும் இவளுடைய விரல் லேசாகத் துடிக்கிறது. வருத்தத்தில் இல்லை. பொத்தானைத் தேடி.

அப்பாவின் பேச்சு முழுக்கவே இப்போது அந்தப் பொத்தானுக்குள் போய்விடும் பேச்சுதான். அதை நினைக்கக்கூடாது என்று தினமும் நினைப்பாள். நாச்சிமுத்து என்றால் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் கிடையாது. தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பல்லடம், கேத்தனூர், குடிமங்கலம், உடுமலை என்று ஒரே மூச்சில் அடுக்கினால் டீக்கடைக்குள் இருப்பவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வாதம் வந்து வலது பக்கத்தையும் வாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ஒரு 'த', ஒரு 'ழ' மாதிரி ஒன்று, பிறகு நீளமான ஒரு 'ஆ'. பெரியாஸ்பத்திரியில் அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் இடது கை கட்டில் கம்பியில் ஒரு தடவை தட்டியது. அம்மா அடுத்த கரண்டியைக் கொண்டுபோனாள். மறுபடி ஒரு தட்டு. "அம்மா, நிறுத்து. அது ஒத்தத் தட்டு," என்றாள் இந்துமதி. சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு நாள் முழுக்க அந்த பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனவள் இவள். ஒரு விசில் நிறுத்து. இரண்டு விசில் போகலாம். விசில் வாயில் இல்லாவிட்டால் பஸ்ஸின் தகரத்தில் கையால் அதே கணக்கு. விடாமல் தட்டினால் ஆபத்து, படியில் யாரோ சறுக்கிவிட்டார்கள், உடனே பிரேக். அப்பா அன்றைக்கு வாயின் ஒரு பாதியால் சிரித்தார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு அழுதாள். அதிலிருந்து வீட்டில் மூன்று தட்டுகள்தான் பேச்சு, அதை முழுதாகப் படிக்கத் தெரிந்தவள் இவள்தான். ஒற்றைத் தட்டில் தண்ணீருக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று, டிவியில் சேனலை மாற்றச் சொல்ல ஒன்று. வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியாது. "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது சாமி. நீ எப்படித்தான் கண்டுபுடிக்கறயோ," என்பாள். எப்படி என்று இந்துமதிக்கே தெரியாது. கேட்டதும் கால் தானாகவே அங்கே போய்விடும்.

இல்லை, போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாக ஒரு சின்னத் தாமதம். தட்டு கேட்கிறது, கேட்டதும் எழுந்திருக்காமல் முதலில் விரல் பொத்தானுக்கு நகர்கிறது, பிறகு, ஐயோ அப்பா, என்று எழுகிறாள். அந்தத் தாமதத்தை அப்பா கவனித்திருப்பாரா என்பது ஒரு பயம். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் இவள் தன் போனை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "பேசுங்கப்பா, இது புரிஞ்சுக்கும்," என்றாள். அப்போது இந்த வேலையில் நம்பிக்கை இருந்தது. அப்பா தொண்டை நரம்பு புடைக்க, "த... தழ... ஆ..." என்றார். தண்ணீர் வேண்டும் என்றார். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். போன் காத்திருந்தது, ஒரு மணி ஒலித்தது, மிக நயமான ஒரு பெண் குரலில், "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை," என்றது. அப்பா இன்னொரு தடவை முயன்றார். மன்னிக்கவும். இன்னொரு தடவை. மன்னிக்கவும். அப்புறம் இடது கையால் போனை மெதுவாகத் தள்ளிவிட்டு, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். விடு, போகலாம். இந்துமதி தண்ணீர் எடுக்கப் போனவள் பானைக்கு முன்னால் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தாள். அதற்கு ஏன் புரியவில்லை என்று அவளுக்குத்தானே தெரியும். இந்த மாதிரிக் குரல் வந்தபோதெல்லாம் இவளும் இவளைப் போன்றவர்களும் அதைச் சாம்பல் பட்டையாக இழுத்துக் கழித்துப் போட்டிருக்கிறார்கள். திக்குகிறவர்கள், வாய் கோணினவர்கள், பல் போனவர்கள், அழுதுகொண்டே பேசுகிறவர்கள். தெளிவாகப் பேசுகிறவர்களின் உலகம் மட்டும் அதற்குள் போய்ச் சேர்ந்தது. அப்பாவை அதற்குத் தெரியாமல் செய்து கூலி வாங்கி, அதில் அப்பாவுக்கு மாத்திரை வாங்குகிறாள். இந்த நினைப்பு வந்தால் ஓரிடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும், நூல்கண்டு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். வேலையை விட்டால் மாத்திரை இல்லை. விடாவிட்டால்... அடுத்த துணுக்கைத் திறந்தாள்.

வயதான பெண்மணி. மெதுவாக, ஊர்ப்பக்கத்துத் தமிழில், போனை ஒரு மனுஷியாகவே மதித்துப் பேசுகிறார். "அம்மணி, எம்பையன் இருக்கற ஊருல இப்ப மணி என்னன்னு சொல்லு சாமி." பின்னணியில் தட்டும் சத்தம். ஒன்று. பெண்மணி தொடர்கிறார், "கூப்புட்டா எடுப்பானா தூங்குவானான்னு தெரியல." மறுபடி ஒன்று, இரும்பில் விரல் படுகிற மாதிரி மெல்லிய சத்தம். யாரோ வீட்டில் எதையோ பழுது பார்க்கிறார்கள். இந்துமதி பொத்தானை அழுத்தினாள், சாம்பல் பட்டை விழுந்தது. கடைசியில் ஊரின் பெயரைச் சொல்லும்போது பெண்மணி பாதி விழுங்கிவிட்டதால், பின்னால் போய், முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஷெரின் மேடம் சொன்ன சின்னச் சின்ன வார்த்தை இதுதான், இதை விடக்கூடாது. தட்டும் சத்தம் வேகமாகியது. விடாமல் வந்தது. டக்டக்டக்டக் என்று, நிற்காமல், குரலுக்கு அடியில், குரலோடு சேர்ந்து. என்ன மனுஷன் இவன், வீட்டில் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது என்று எரிச்சல் வந்தது. நீளமாக ஒரு பட்டை இழுத்தாள். பிறகு சத்தம் தளர்ந்தது, ஒன்று வந்தது, நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று, அவ்வளவுதான். நல்லவேளை, நின்றது. ஊரின் பெயர் பிடிபட்டது. எழுதினாள். மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, ஸ்கோர் இறங்காது. அனுப்பினாள். இன்னும் இரண்டு மூன்று துணுக்குகள் செய்தாள், நன்றாகவே செய்தாள், காலின் மரமரப்புகூடத் தெரியவில்லை. பிறகு அவளுடைய இயல்பு அவளை விடவில்லை. அந்தப் பட்டை தொடங்குமிடம் சரியா, ஒரு எழுத்தின் மேல் ஏறிவிட்டதா, அனுப்பினதைத் திறந்து சரிபார்த்துவிடலாம். திறந்தாள். "அம்மணி, எம்பையன் இருக்கற ஊருல." சுத்தமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். "இப்ப மணி என்னன்னு." சுவர்க்கோழிகூட இல்லாத அமைதி. "சொல்லு சாமி." தட்டு இல்லை. எங்குமே தட்டு இல்லை. சாம்பல் பட்டைகள் மட்டும் இருந்தன.

ஹெட்போனைக் கழற்றியபோது வீடு திரும்பி வந்தது; மின்விசிறி வந்தது, குழாயடி வந்தது, அதே வசவுதானோ என்னவோ இன்னும் நடந்துகொண்டிருந்தது. முன்னறையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. எழுந்தபோது கால் இல்லை, மரத்துப்போய் மடிந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் சூடாக இருந்தது. இந்தச் சுவரில்தான் அந்தப் பக்கம் கட்டிலின் தலைமாடு சாய்ந்திருக்கிறது, சத்தம் இதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. கதவு வரை இருந்த தூரத்தில் அவள் என்னென்னவோ பார்த்துவிட்டாள்: கண் செருகின அப்பா, நுரை, அம்மா வாசலில் செருப்போடு. தட்டு தளர்ந்து தளர்ந்து நின்றபோது நல்லவேளை என்று நினைத்தேனே. நல்லவேளை என்று நினைத்தேன். கதவைத் தள்ளினாள். அப்பா உயிரோடு இருந்தார். கண் திறந்திருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். முதலில் வாடை தெரிந்தது, பிறகு வேட்டி, பிறகு மெத்தையின் ரெக்ஸின் விளிம்பிலிருந்து தரைக்குச் சொட்டுவது. கட்டிலுக்கடியில் மூத்திரப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. இடது கையை நீட்டி, தானே எடுக்கப் பார்த்திருக்கிறார்.

அப்பா அந்தப் பாத்திரத்தை இவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் அம்மா, மத்தியானம் அம்மா, சாயங்காலம் அம்மா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இவளிடம் தண்ணீரும் கம்மியாகத்தான் கேட்பார், அதற்காகத்தான். வயசுக்கு வந்த பெண் அதைத் தொடக்கூடாது, படித்த பெண் தொடக்கூடாது. பஸ் முழுக்க, "எம்புள்ள கம்ப்யூட்டர் படிக்குதுங்க," என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்ன மனுஷன். இன்றைக்கு முடியாமல் போயிருக்கிறது. எத்தனை நேரம் யோசித்தாரோ, எப்படி மனசைத் தேற்றிக்கொண்டாரோ. கூச்சத்தை விட்டு, கடைசியில், மகளைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்று. மறுபடி ஒன்று. பிறகு விடாமல். படியில் யாரோ சறுக்குகிறார்கள். நான் அதைக் கேட்டேன், கேட்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, காதில் தெளிவாக விழுந்து, இரும்பு என்றுகூடத் தெரிந்து, பொத்தானை அழுத்தினேன். எங்கோ ஓர் இயந்திரம், மகன் ஊரில் மணி கேட்ட ஒரு தாயின் குரலுக்கு அடியில், அங்கே இல்லாத ஒரு இரைச்சலை இருந்ததாகப் படித்துக்கொள்ளும். அந்த இயந்திரத்துக்குள் அப்பா போய்ச் சேர்ந்த ஒரே தடவை அதுதான், அதுவும் பிழையாக. "அப்பா," என்றாள். அவர் திரும்பவில்லை. வெந்நீர் வைத்தாள், துணி எடுத்தாள், வேட்டியை மாற்றினாள். அம்மா செய்யும்போது எட்டிப் பார்க்காத எல்லாவற்றையும் செய்தாள். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊசி போடுவதற்குக் கொடுத்த கை மாதிரி உடம்பை முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டுக் கிடந்தார். இடது கை விரல் முட்டியில் தோல் உரிந்து லேசாகச் சிவந்திருந்தது. அதைத் துடைக்கும்போதுதான் அழுகை வந்தது. சத்தம் வெளியே போகாமல், துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அப்படி அழுவதை எங்கே கேட்டோம் என்று அழுதுகொண்டே ஞாபகம் வந்தது.

உள்ளே லேப்டாப் இரண்டு தடவை கூப்பிட்டது. ஷெரின் மேடமாக இருக்கும், அடுத்த துணுக்கு இன்னும் திறக்கப்படவில்லை என்று இருக்கும். இந்துமதி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். மன்னிக்கவும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை அந்த நயமான குரல் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தது. கையை நீட்டி, கட்டில் கம்பியில், ஒரு தடவை தட்டினாள். நிறுத்திவிட்டேன், நிற்கிறேன், இங்கேதான் இருக்கிறேன். அப்பாவுக்குக் கேட்டது, கழுத்து நரம்பில் அது தெரிந்தது. லேப்டாப் மறுபடி கூப்பிட்டது. அப்பா அந்தச் சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினார், இவளைப் பார்க்காமல். பிறகு தோல் உரிந்த அந்த விரலைத் தூக்கிக் கம்பியில் வைத்தார். மெதுவாக, வலிக்காமல், இரண்டு தட்டு.

போ, போய் வேலையைப் பார்.

அவளுக்குப் புரிந்தது. இந்தத் தடவை ஒரு நொடிகூடத் தாமதம் இல்லாமல் புரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.